தூங்கத் தெரிந்த கருவி

வட அயர்லாந்தின் கிராமப்புற வீடுகளுக்குப் பின்னால் ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் தொட்டி நிற்கும். முதல் தடவை பார்க்கிற நம்மூர்க்காரர்கள் அதைத் தண்ணீர்த் தொட்டி என்றே நினைப்பார்கள். உள்ளே இருப்பது மண்ணெண்ணெய். ஒரு காலத்தில் ரேஷன் கடை வாசலில் கேனோடு நின்று நாம் வாங்கிய அதே வகைச் சரக்குதான். அங்கே அது அடுப்புக்கு இல்லை, வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு. பாய்லர் தண்ணீரைச் சுட வைக்கும். சுடுநீர் குழாய் வழியாக அறைக்கு அறை இருக்கும் ரேடியேட்டர்களுக்குப் போகும். வட அயர்லாந்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் குளிர்காலத்தை இப்படித்தான் கடத்துகின்றன. ஸ்காட்லாந்திலிருந்து கடலடிக் குழாய் வழியாக அங்கே இயற்கை எரிவாயு வந்ததே 1996இல்தான். அதற்குள் எண்ணெய்த் தொட்டி ஊருக்கு ஊர் வேரூன்றிவிட்டது.

என் அக்கா மகன் குடும்பத்தோடு அந்தப் பக்கம்தான் இருக்கிறான். லீவுக்கு வந்தவன் ஒரு மாலை டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "மாமா, டேங்க்ல எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு எனக்கு போன்லயே தெரியணும். டேங்க் தோட்டத்துக் கடைசியில நிக்குது, அங்க கரண்ட் கிடையாது. பேட்டரியில ஓடணும். நானே செய்யணும்னு ஆசை. முடியுமா?"

முடியும். சொல்லப்போனால் பொழுதுபோக்காக எலக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வேலை அமையாது. சாதனம் சின்னது, பயன் பெரியது. ஆனால் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று அவன் நினைத்தானோ, அங்கே இல்லை. எண்ணெயை அளப்பதும் சுலபம், அளந்ததை வீட்டுக்குள் அனுப்புவதும் சுலபம். மற்ற நேரமெல்லாம் அந்தக் கருவியைச் சும்மா இருக்கச் செய்வதில்தான் முழு வேலையும்.

"எட்டிப் பார்த்தா தெரியாதாடா?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். தொட்டியின் பக்கவாட்டில் கண்ணாடி போன்ற ஒரு குழாய் வைத்திருப்பார்கள், அதில் மட்டம் தெரியும். அது இல்லாதவர்கள் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார்கள். டிசம்பரில் அங்கே காலை எட்டே முக்கால் வரை விடியாது. மாலை நாலு மணிக்கு இருட்டிவிடும். மழைத் தூறலில் டார்ச் லைட்டோடு தோட்டத்துக் கடைசிக்குப் போக யாருக்கு மனம் வரும்? நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவார்கள். எண்ணெய் தீர்ந்துபோகும் வீடுகளில் முக்கால்வாசி இப்படித் தள்ளிப்போட்ட வீடுகளாகத்தான் இருக்கும்.

தீர்ந்துபோனால் குளிர் மட்டும் பிரச்சினை இல்லை. அடியில் தேங்கிக் கிடக்கும் கசடும் தண்ணீரும் குழாய்க்குள் இழுபட்டு வடிகட்டியை அடைக்கும். குழாயில் காற்று புகுந்துவிட்டால், புது எண்ணெய் ஊற்றினாலும் பாய்லர் பற்றாது. மெக்கானிக் வந்து காற்றை வெளியேற்ற வேண்டும். லாரி வரும்வரை பெட்ரோல் பங்கில் விற்கும் 20 லிட்டர் கேனை வாங்கி ஊற்றிச் சமாளிப்பவர்களும் உண்டு. லாரிக்கு 300, 500, 900 லிட்டர் என்ற கணக்கில் ஆர்டர் கொடுப்பார்கள். அதிகமாக வாங்கினால் லிட்டருக்கு விலை குறையும். ஆக, தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதற்குத்தான் காசு மதிப்பு.

அளப்பதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்வோம். தொட்டி 1,000 லிட்டர். அடிப்பரப்பு ஒரு சதுர மீட்டர், உயரம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 10 லிட்டர். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய 10 கிலோவாட்-மணி வெப்பம் கிடைக்கும். 20 கிலோவாட் பாய்லர் மணிக்கு இரண்டு லிட்டர் குடிக்கும். நாளைக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 10 லிட்டர். அதாவது ஒரு நாள் செலவு ஒரு சென்டிமீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டரைப் பிடிக்கத் தெரிந்த கருவி போதும். மில்லிமீட்டர் துல்லியத்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

எதை வைத்து அளப்பது? தொட்டியையே எடை போடலாம். மண்ணெண்ணெய் தண்ணீரைவிட லேசு. 1,000 லிட்டர் 800 கிலோ. நிறைந்த தொட்டியைத் தூக்கி நாலு மூலையிலும் எடை உணரி வைப்பது வீட்டு வேலை இல்லை. அடியில் அழுத்தத்தை அளக்கலாம். ஒரு மீட்டர் மண்ணெண்ணெய் 7.8 கிலோபாஸ்கல் அழுத்தம் தரும், மட்டத்துக்குத் தக்கபடி நேராகக் கூடும், குறையும். அளவு துல்லியமாக வரும். ஆனால் அதற்காகத் தொட்டியின் அடிப்பக்கத்தில் கை வைத்து, ஒழுகலுக்கு நாமே வழி வெட்டிக் கொடுக்க வேண்டாம். மின்தேக்கு முறை என்று ஒன்று உண்டு: இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே திரவம் ஏறினால் மின்தேக்குத் திறன் மாறும். காற்றுக்கு ஒன்று என்றால் தண்ணீருக்குச் சுமார் 80 மடங்கு என்பதால் தண்ணீர்த் தொட்டிக்கு அருமையாக வேலை செய்யும். மண்ணெண்ணெய்க்கு வெறும் இரண்டு மடங்குதான். முடியாதென்று இல்லை, மெனக்கெட வேண்டும்.

"லேசர்?" என்றான். இப்போது சின்ன நகம் அளவில் லேசர் தூரமானிச் சிப் மலிவாகக் கிடைக்கிறது; ஆசை வருவது இயல்பு. ஆனால் மண்ணெண்ணெய் தெளிந்த திரவம். ஒளியில் பெரும்பகுதி மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு கீழே போய், தொட்டியின் அடியில் பட்டுத் திரும்பும். நிறைந்த தொட்டியைக் காலி என்று சொல்லும் கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மிஞ்சுவது ஒலி. தொட்டியின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒரு சின்ன 'டிக்'. நம் காதுக்கு எட்டாத 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வு. அது எண்ணெய்ப் பரப்பில் மோதித் திரும்பி வரும் நேரத்தை அளக்க வேண்டும். ஒலிக்குத் திரவம் தெளிந்ததா கலங்கியதா என்ற பேதமில்லை. காற்றிலிருந்து திரவத்தில் மோதினால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். பரப்பு 80 சென்டிமீட்டர் கீழே இருந்தால், போய்த் திரும்ப 4.7 மில்லி வினாடி. கடையில் விற்கும் சாதனங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் அளக்கின்றன.

சென்னையில் ரிச்சி தெருவில் விசாரித்தால் முதலில் கைக்கு வருவது இரண்டு கண் வைத்த எச்.சி.-எஸ்.ஆர்.04. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அது போதும், தொட்டிக்கு ஆகாது. அதன் கண்கள் திறந்தவை. ஈரமும் எண்ணெய் ஆவியும் உள்ளே போய்விடும். கார் பின்பக்க பம்பரில் பதித்திருப்பார்களே, அந்த மாதிரி முகம் மூடிய, தண்ணீர் புகாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதிலும் ஒரு குறை உண்டு. 'டிக்' அடித்த அதிர்வு அடங்குவதற்குள் வந்துவிடும் எதிரொலியை அதனால் கேட்க முடியாது. சில மாடல்களுக்கு முதல் 20 சென்டிமீட்டருக்கும் அதிகமான தூரம் குருட்டுப் பகுதி. சிலவற்றுக்கு மூன்றே சென்டிமீட்டர். தொட்டி வாய்வரை நிறைந்திருக்கும்போது அளவு தெரியாவிட்டால் பெரிய நஷ்டமில்லை என்று விடலாம். நான் விடமாட்டேன். லாரிக்காரர் 500 லிட்டர் ஊற்றினாரா, 470 ஊற்றினாரா என்று பார்க்க வேண்டிய நேரமே அதுதான்.

இப்போது ஒலிக்குள் ஒளிந்திருக்கும் வில்லனுக்கு வருவோம். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் வினாடிக்கு 343 மீட்டர். பூஜ்யம் டிகிரியில் 331. ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 மீட்டர் கூடும். கருவிக்கு நீங்கள் 343 என்று சொல்லிக்கொடுத்து, வெளியே பூஜ்யம் டிகிரியாக இருந்தால், 80 சென்டிமீட்டர் இடைவெளியை அது கிட்டத்தட்ட 83 என்று படிக்கும். நம் கணக்கில் 3 சென்டிமீட்டர் என்றால் 30 லிட்டர், மூன்று நாள் எண்ணெய். ஆகவே பக்கத்தில் ஒரு வெப்பநிலை உணரி வேண்டும். டி.எஸ்.18பி20 என்ற மூன்று கால் சிப் அரை டிகிரிக்குள் சரியாகச் சொல்லும், விலையும் சொற்பம். அதைப் பெட்டிக்குள் வைக்காமல் தொட்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் தெரியும்படி வைக்க வேண்டும். வெயில் பட்ட பெட்டியின் சூடு வேறு, உள்ளே காற்றின் சூடு வேறு.

எண்ணெயும் சும்மா இருக்காது. மண்ணெண்ணெய் டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 1,000 லிட்டர் 10 டிகிரி சூடானால் 10 லிட்டர் 'கூடிவிடும்'. பகலில் எண்ணெய் ஏறுகிறது, ராத்திரி இறங்குகிறது என்று வரைபடம் காட்டினால் பூதம் ஏதும் இல்லை, பௌதிகம்தான். இதற்குத் திருத்தச் சூத்திரம் எழுதலாம். அதைவிடச் சுலபம், தினமும் விடியற்காலை நாலு மணி அளவை மட்டும் எடுத்து முந்தின நாளின் நாலு மணி அளவோடு ஒப்பிடுவது. வெயில் இல்லை, பாய்லர் பெரும்பாலும் அணைந்திருக்கும், எண்ணெயும் அசையாமல் இருக்கும்.

இன்னொன்று. ஒரே ஒரு 'டிக்'கை நம்பக்கூடாது. சில தடவை ஒலி தொட்டிச் சுவரின் மடிப்பில் பட்டுத் திரும்பும். உணரி முகத்தில் ஒரு நீர்த்துளி தொங்கினால் கண்டபடி எண் வரும். ஏழு தடவை அளந்து, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுங்கள். சராசரி எடுக்காதீர்கள். கெட்டுப்போன ஓர் எண் சராசரியையும் கெடுக்கும். நடு எண்ணை அது தொடாது.

உயரத்தை லிட்டராக்குவது தொட்டியின் வடிவத்தைப் பொறுத்தது. படுக்க வைத்த உருளை என்றால் ஏமாந்துபோவீர்கள்: உயரம் கால்பங்கு இருக்கும்போது எண்ணெய் கால்பங்கு இருக்காது, 19.6 சதவீதம்தான். உயரம் பத்தில் ஒன்று என்றால் எண்ணெய் 5.2 சதவீதம். 'இன்னும் கொஞ்சம் இருக்கே' என்று குச்சி சொல்லும் நேரத்தில் உண்மையில் பாதிதான் இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டிகளுக்கு மடிப்பும் வளைவும் அதிகம். சூத்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒவ்வொரு தடவை லாரி வரும்போதும் ஊற்றுவதற்கு முன் உயரம், பின் உயரம், ரசீதில் உள்ள லிட்டர், இந்த மூன்றையும் குறித்து வைத்தால் நாளடைவில் உங்கள் தொட்டிக்கே உரிய அட்டவணை உருவாகிவிடும்.

"சரி மாமா, பேட்டரிக்கு வாங்க" என்றான். அதற்குள் அவன் டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. இன்னொன்று போடச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தோம்; நிதானமாகப் பேச வேண்டிய இடம் இதுதான்.

எந்தக் கருவியும் இரண்டு விதமாக மின்சாரம் செலவழிக்கும். விழித்திருக்கும்போது அதிகமாக, ஆனால் கொஞ்ச நேரம். தூங்கும்போது மிகக் குறைவாக, ஆனால் நாள் முழுக்க. புதிதாகச் செய்கிறவர்கள் முதல் செலவைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். பேட்டரியைக் காலி செய்வது பெரும்பாலும் இரண்டாவது. குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடித்து மூடினால் தொட்டி குறைந்ததே தெரியாது. ராத்திரி முழுக்கச் சொட்டிய குழாய்தான் காலையில் வாளியை நிரப்பி வைத்திருக்கும்.

எண்ணிலேயே பார்ப்போம். மூளையாக ஏ.டி.மெகா 328பி சிப், அர்டுயினோவில் இருக்கிறதே, அதுதான். ஆழ்ந்த தூக்கத்தில், தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளும் கடிகாரத்தோடு அது எடுப்பது ஐந்து மைக்ரோ ஆம்பியர் அளவு. மின்னழுத்தத்தைச் சீராக்க எம்.சி.பி.1700 மாதிரி ஒரு சிக்கனமான ரெகுலேட்டர், அது 1.6 மைக்ரோ ஆம்பியர். செய்தி அனுப்பும் ரேடியோவும் வெப்ப உணரியும் தூங்கும்போது எடுப்பது இரண்டும் சேர்ந்து ஒரு மைக்ரோ ஆம்பியர்தான். எல்லாமாக எட்டு என்று தாராளமாக வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 0.19 மில்லி ஆம்பியர்-மணி. அளப்பதற்கு 15 மில்லி ஆம்பியர் ஒரு வினாடி. மணிக்கு ஒரு தடவை என்றால் நாளைக்கு 0.1. செய்தி அனுப்ப 40 மில்லி ஆம்பியர் பத்தில் ஒரு வினாடி, நாளைக்கு 0.03. மொத்தம் 0.32. லித்தியம் ஏ.ஏ. பேட்டரி 3,000 மில்லி ஆம்பியர்-மணி தாங்கும். வகுத்துப் பாருங்கள், காகிதத்தில் 25 வருஷம் வரும். குளிர், ஈரம், பேட்டரி தானாக இறங்குவது எல்லாவற்றையும் கழித்துப் பத்து வருஷம் வந்தாலும் யாருக்கு வலிக்கிறது?

இந்தக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு ஒரே ஒரு மாற்றம் செய்வோம். கடையில் வாங்கிய போர்டில் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்ல ஒரு சிவப்பு எல்.இ.டி. எரிந்துகொண்டே இருக்கும். அதுவும் போர்டில் உள்ள ஊதாரி ரெகுலேட்டரும் சேர்ந்து மூன்று மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 72 மில்லி ஆம்பியர்-மணி. 25 வருஷம் 41 நாளாகிவிட்டது. இருட்டில் யாரும் பார்க்காத ஒரு விளக்குக்காக! அர்டுயினோ ஊனோ போர்டை அப்படியே வைத்தால் 40, 50 மில்லி ஆம்பியர் இழுக்கும்; மூன்று நாள் தாங்கினால் அதிகம். ஆகவே முதல் வேலை சால்டரிங் அயனைச் சூடாக்கி, அந்த எல்.இ.டி.யையும் ரெகுலேட்டரையும் போர்டிலிருந்து பிடுங்குவது. ஒலி உணரிக்கு மின்சாரம் நேராகப் போகக்கூடாது. நடுவே சுவிட்சாக ஒரு மாஸ்ஃபெட் வைத்து, அளக்கும் ஒரு வினாடி மட்டும் திறந்து விடவேண்டும்.

நாம் உண்மையிலேயே தூங்கச் செய்துவிட்டோமா என்று மல்டிமீட்டரில்தான் தெரியும். பேட்டரிக் கம்பிக்கு நடுவே மீட்டரை மைக்ரோ ஆம்பியர் அளவில் போட்டால், கருவி தூங்கிக்கொண்டிருக்கும்வரை எண் ஒழுங்காகத் தெரியும். விழித்த நிமிடம் செத்துவிடும். காரணம், அந்த அளவில் மீட்டருக்குள் இருக்கும் தடை. அது 100 ஓம் என்றால், 40 மில்லி ஆம்பியர் கேட்கும்போது நாலு வோல்ட் மீட்டருக்குள்ளேயே விழும். சிப்புக்கு என்ன மிஞ்சும்? மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து வைத்திருந்து, கருவி தூங்கியதும் வயரை எடுத்துப் பார்க்க வேண்டும். அது மறுபடி விழிப்பதற்குள் வயரைத் திரும்ப வைத்துவிட வேண்டும்.

பேட்டரி வகையில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண ஆல்கலைன் செல் குளிரில் சோர்ந்துவிடும், பழசானால் ஒழுகும். லித்தியம் ஏ.ஏ. மைனஸ் 40 டிகிரிவரை வேலை செய்யும். அதில் மூன்று போட்டால் போதும். 'சோலார் பேனலோடு லித்தியம்-அயான் வைக்கலாமே' என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அந்த வகையைச் சார்ஜ் செய்யக்கூடாது. குளிர்காலத்தில்தான் அந்தத் தொட்டிக்கு வேலையே. பத்து வருஷம் ஓடுகிற பேட்டரிக்குப் பேனல் எதற்கு?

செய்தியை அனுப்ப என்ன வழி என்று கேட்டால், எல்லாரும் வைஃபை என்பார்கள். அது பேட்டரியைத் தின்றுவிடும் என்பதும் எல்லாரும் சொல்வது. கணக்கு அவ்வளவு மோசமாகச் சொல்லவில்லை. ஈ.எஸ்.பி.8266 சிப் 80 மில்லி ஆம்பியரில் ஐந்து வினாடி விழித்து, மணிக்கு ஒரு தடவை அனுப்பினால்கூட அதே பேட்டரியில் இரண்டரை வருஷம் வரும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு ராத்திரி வீட்டு ரவுட்டர் அணைந்திருந்தால், சிப் அதைத் தேடிக்கொண்டே இருக்கும். விடாமல் 80 மில்லி ஆம்பியர் போனால் 37 மணி நேரத்தில் பேட்டரி காலி. வைஃபைதான் என்று முடிவு செய்தால், பத்து வினாடி தேடிப் பார்த்துவிட்டுக் கிடைக்கவில்லையென்றால் படுத்துவிடு என்று நிரலில் மறக்காமல் எழுதுங்கள்.

நான் அவனுக்குச் சொன்னது லோரா. மெதுவாகப் பேசும் ரேடியோ, ஆனால் அந்த ஊர்க் கல்சுவரையும் தோட்டத்து நீளத்தையும் தாண்டி வரும். அங்கே இதற்கு 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உரிமம் இல்லாமல் இடம் உண்டு. நூற்றில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் பேசக்கூடாது என்பது விதி. மணிக்கு 36 வினாடி. நமக்கு வேண்டியதோ பத்தில் ஒரு வினாடி. ஆன்டெனா என்பது 8.6 சென்டிமீட்டர் கம்பி, அலைநீளத்தில் கால்பங்கு. தூரம், வெப்பம், பேட்டரி வோல்டேஜ், செய்தி எண், இந்த நாலையும் எட்டுப் பைட்டுக்குள் அடக்கிவிடலாம். லிட்டர் கணக்கெல்லாம் வீட்டுக்குள் சுவர்ப் பிளக்கில் செருகியிருக்கும் வாங்கி (ரிசீவர்) பார்த்துக்கொள்ளட்டும். அதற்குத்தான் கரண்டுக்குப் பஞ்சமில்லையே. இந்தியாவில் இதே வேலைக்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். மாட்யூல் வாங்கும்போது அலைவரிசையைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கியின் நிரலில் ஒரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தொட்டி காலியானால் எச்சரிக்கை வரும் என்று நிம்மதியாக இருப்பார்கள். பேட்டரி தீர்ந்துபோனால்? செய்தி வராது, போன் திரையில் கடைசியாக வந்த 640 லிட்டர் என்ற எண் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். ஒரு நாள் முழுக்கச் செய்தி வராவிட்டால் அதையே முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும். தவறான அளவைவிடப் பழைய அளவு ஆபத்தானது, பார்ப்பதற்குச் சரியாக இருக்கும்.

பொருத்தும் வேலைக்கு வருகிறேன். பெரும்பாலான தொட்டிகளின் மேல்பக்கம் அளவுமானிக்கென்றே மரையோடு ஒரு துளை இருக்கும். அதைப் பயன்படுத்துங்கள். இல்லாமல் துளை போட்டே ஆகவேண்டும் என்றால் பிளாஸ்டிக் சீவல் உள்ளே விழக்கூடாது. விழுந்தால் அது போய்ச் சேரும் இடம் பாய்லரின் வடிகட்டி. பாலிஎத்திலின் மேல் எப்பாக்சி ஒட்டாது. சாதாரண ரப்பர் மண்ணெண்ணெயில் ஊறிப் பருத்துவிடும். நைட்ரைல் ரப்பர் வளையம் போட்டுத் திருகி இறுக்குவதே சரி. ஒலி உணரியின் முகமும் வெப்ப உணரியின் மூடிய முனையும் மட்டும்தான் தொட்டிக்குள் பார்க்க வேண்டும். பேட்டரி, போர்டு எல்லாம் வெளியே, தண்ணீர் புகாத பெட்டியில், ஒரு பொட்டலம் சிலிகா ஜெல்லோடு.

"தீப்பிடிக்காதா?" என்று என் மனைவி மறுபடி குறுக்கிட்டாள். இந்தக் கேள்வியை அவன் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற எண்ணெய் 38 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். அந்த ஊர்த் தொட்டி அவ்வளவு சூடாவது அரிது. நம் கருவியில் ஓடுவதும் சில வோல்ட்தான். பெட்ரோலின் கதை வேறு. அது மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றும் ஆவியைக் கக்கும். பெட்ரோல் தொட்டிப் பக்கம் வீட்டில் செய்த எந்தக் கருவியையும் கொண்டுபோகக் கூடாது, விவாதமே இல்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "கடையில ரெடிமேடா கிடைக்குதே மாமா, அதையே வாங்கிடலாமா?" என்றான். வாங்கலாம். தொட்டி மேல் வைக்கும் ஒலி உணரியும் வீட்டுக்குள் செருகும் சின்னத் திரையும் சேர்த்து அங்கே விற்கிறார்கள். ஆனால் அவற்றில் பலவற்றின் திரையில் பத்துக் கட்டம்தான் தெரியும். நேற்று எவ்வளவு செலவானது என்று தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அந்தக் கடைச் சாதனங்களில் சில 433 மெகாஹெர்ட்ஸில் பூட்டில்லாமல்தான் செய்தி அனுப்புகின்றன. மலிவான யூ.எஸ்.பி. டி.வி. டாங்கிளும் ஆர்.டி.எல். 433 என்ற இலவச மென்பொருளும் இருந்தால் ஒரு ராஸ்பெர்ரி பையிலேயே அதைப் படித்துவிடலாம். தொட்டிப் பக்கம் கம்பெனிக்காரர் செய்தது, வீட்டுப் பக்கம் நாம் செய்தது. அவசரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பூட்டில்லாத செய்தியைப் பக்கத்து வீட்டுக்காரரும் படிக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

தினசரி அளவு கையில் வந்துவிட்டால், எத்தனை லிட்டரில் மணி அடிக்க வேண்டும் என்பதை அதுவே சொல்லும். நாளைக்குப் 10 லிட்டர் செலவு, லாரி வர ஒரு வாரம், அடியில் கசடுக்கு 50 லிட்டர், பனி கொட்டும் வாரத்துக்கு இன்னும் 50 என்றால் 170 லிட்டரில் மணி அடிக்கட்டும். கோடையில் பாய்லர் அணைந்திருக்கும் மாதத்தில் மட்டம் இறங்கினால் ஒன்று ஒழுகல், இல்லையென்றால் திருட்டு. இரண்டுக்கும் உடனே எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

நம்மூரில் மண்ணெண்ணெய்த் தொட்டி இல்லாதவர்கள் இதே கருவியை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் வைக்கலாம், ரேடியோவின் அலைவரிசையைத் தவிர ஒரு திருகுகூட மாற்ற வேண்டாம். சமையல் எரிவாயு சிலிண்டருக்கு மட்டும் இது ஆகாது. அதைத் துளைக்கவோ ரெகுலேட்டர் பக்கம் எதையாவது பொருத்தவோ முயலாதீர்கள். உள்ளே திரவம் கொஞ்சம் இருந்தாலும் அழுத்தம் அதேதான் என்பதால் அழுத்தமானியும் உதவாது. அடியில் ஓர் எடை உணரியை வைத்தால் போதும். சிலிண்டரின் காலி எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். புது சிலிண்டரில் அதற்கு மேல் இருக்க வேண்டியது 14.2 கிலோ.